அரைக் கிலோ

சட்டை வந்திருக்கிறது. பள்ளி முகவரிக்கு, என் பெயர் போட்டு, கூரியரில். உறையைக் கிழித்ததும் அச்சு மையின் வாடை மூக்கில் ஏறியது. மஞ்சள் டி-சர்ட். முன்பக்கம் உன் முகம். நீ முதல் தடவை தேசியப் போட்டியில் ஜெயித்தபோது எடுத்த படம். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிதாக. பின்பக்கம் கொட்டை எழுத்தில், 'ஓடிக்கொண்டே இரு.'

அதை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, முதல் பீரியடு மணி அடித்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். நீ நின்றிருக்க வேண்டும். ஒரு வருடம், இரண்டு வருடம், தேவைப்பட்டால் ஆயுசு முழுக்க. உன்னை நிற்க விட்டிருந்தால் இன்றைக்கு உன் முகம் சட்டையில் இருந்திருக்காது. உன் கழுத்தின்மேல் இருந்திருக்கும்.

உன் பெயரில் நடத்தும் நினைவு ஓட்டத்துக்கு இது இரண்டாவது வருடம். போன வருடம் அவ்வளவு நடந்த பிறகும் எனக்குச் சட்டை வருகிறதென்றால், யாரோ பழைய பட்டியலைப் பார்த்து முகவரி ஒட்டியிருக்கிறார்கள். அளவும் மீடியம். குண்டு எறிகிறவளுக்கு மீடியம்! நீ இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டபோது நமக்குப் பதின்மூன்று வயது. நான் இண்டூர்க்காரி. அப்பாவுக்கு லாரிப் பட்டறை. நீ வத்தல்மலை. உன் அப்பா சாமையும் கேழ்வரகும் போடுகிறவர். விளையாட்டு விடுதியில் சேர்ந்த அன்று, இரண்டு பேரும் தருமபுரி மாவட்டம் என்று பதிவேட்டில் பார்த்துவிட்டு வார்டன் நம்மை ஒரே அறையில் போட்டாள். நீ பெட்டியைக் கீழே வைக்கும் முன்னாலேயே என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"உருண்டையா இருக்கறயே, நீ எப்புடி ஓடுவ?"

"நான் ஓட மாட்டேன். எறிவேன்."

"எத?"

"குண்ட."

"அப்ப செரி," என்று கட்டிலில் உட்கார்ந்தாய். அன்றிலிருந்து நான் உருண்டை. என் சொந்தப் பெயரை நீ ஒருநாளும் சொன்னதில்லை.

நீ ஓடுவதை அந்த வாரமே பார்த்தேன். மற்றப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார்கள். நீ யாரோ ஒரு பழைய வேடிக்கையைச் சொன்ன மாதிரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு ஓடினாய். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு, மலையிலிருந்து கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கி ஏறின கால் அது. அப்படி என்னதான் இருக்கிறது ஓடுவதில் என்று கேட்டேன். "ஓடறப்ப மண்டைக்குள்ள யாருமே இருக்க மாட்டாங்கடி. காலியா இருக்கும். நல்லாருக்கும்," என்றாய். எனக்குப் பொறாமையாக இருந்தது. குண்டை எறியும்போது என் மண்டைக்குள் எப்போதும் கூட்டம்தான்.

முதல் மூன்று வருடம் நீ என்னைவிட அதிகமாகச் சாப்பிட்டாய். இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். விடுதிச் சமையற்காரர் உன் தட்டைப் பார்த்து, "எங்கம்மா போவுது இதெல்லாம்?" என்று கேட்பார். "காலுக்குங்க," என்பாய்.

அதன்பிறகு அவர் வந்தார். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்ட உன் பயிற்சியாளர். வந்த முதல் வேலையாக ஓர் எடை மெஷினை வாங்கி நடைபாதையில் வைத்தார். தினமும் காலையில், பல் விளக்கிய கையோடு, ஓட்டக்காரப் பெண்கள் அதன் முன்னால் வரிசையில் நிற்பீர்கள். அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். எழுதினால் போதாதா? எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார்.

"அரைக் கிலோ ஏறியிருக்கு. அரைக் கிலோ கறிய எதுக்கு முதுகுல தூக்கிட்டு ஓடற?"

எடை ஏறினவளுக்கு அன்று காலை டிபன் கிடையாது. எவளும் எதிர்த்துப் பேசியதில்லை. பேசினால் போட்டிக்கு அனுப்ப மாட்டார். பதினாறு வயதில் அதைவிடப் பெரிய பயம் எது?

எனக்கு வேறு பயிற்சியாளர். அவர் என்னை ஒரு நாளைக்கு ஆறு முட்டை தின்னச் சொன்னார். உனக்கு இரண்டு, அதுவும் வெள்ளைக்கரு மட்டும். ஒரே மேசையில் எதிரெதிரே உட்காருவோம். "நீ சாப்டு உருண்ட. மெதுவா சாப்டு. நான் பாக்கறேன்," என்பாய். ஒரு முட்டையை உன் பக்கம் தள்ளுவேன். நீ எடுத்து மோந்து பார்ப்பாய். கண்ணை மூடி, நன்றாக இழுத்து மோந்துவிட்டு, திருப்பி என் தட்டில் வைப்பாய். நான் அதைத் தின்றேன். வருடக்கணக்காக உன் கண்ணெதிரே உட்கார்ந்து தின்றேன். உனக்கு ஒழுக்கம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு தின்றேன்.

ஒரு பொங்கலுக்கு உன்னோடு மலைக்கு வந்தேன். உன் அம்மா சூடாகக் களி கிண்டி, கீரை கடைந்து வைத்தாள். நீ வயிறு சரியில்லை என்றாய்.

"ஏன் கண்ணு, ஊருச் சோறு புடிக்கலயா?"

"அதெல்லாம் இல்லம்மா."

உன் அப்பா அம்மாவைத் தடுத்தார். "அவள வற்புறுத்தாத. மாஸ்டர் திட்டுவாரு." மலைமேல், அவர் சொந்த வூட்டில், அவர் விளைவித்த கேழ்வரகை அவர் பெற்ற பெண் தின்பதற்கு எங்கேயோ இருந்த ஒருவனின் அனுமதி வேண்டியிருந்தது. அது அன்றைக்கு எனக்கு விசித்திரமாகப் படவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. சாம்பியனின் வீடு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

நீ ஜெயித்துக்கொண்டே போனாய். மாநிலம், தேசியம், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. ஓடுவதே வேலை. வடக்கே ஒரு பயிற்சி முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். உன்னைக் காட்டி உயர்ந்த உன் மாஸ்டரும் அதே முகாமுக்கு வந்தார், மெஷினோடு. எனக்குத் தோள் போய்விட்டது. கடத்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக வந்து சேர்ந்தேன். மலையடிவாரத்தில் உனக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் உன் முகத்தைவிட, வைத்தவர்களின் முகங்கள் பெரிதாக இருந்தன.

போனில் நீ எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்வாய். அதுதான் உன்னிடம் கெட்ட பழக்கம்.

"எட்டு மாசமா வரவே இல்லடி."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"மாஸ்டர்கிட்ட சொன்னேன். நல்லதுதான, போட்டி சமயத்துல தொந்தரவு இல்லன்னாரு." அதற்கும் ஒரு சிரிப்பு.

நான் உடற்கல்வி படித்தவள். சரியாகச் சாப்பிடாத பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு பலமிழக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். அன்று உனக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "பாத்து இருடி," என்றேன். எதைப் பார்த்து?

அடுத்த வருடம் உன் முன்னங்கால் எலும்பில் கீறல் விட்டது. வலி தெரியாமல் இருக்க மாத்திரை கொடுத்து ஓட வைத்தார்கள். வெளிநாட்டில் நடந்த அந்தப் பெரிய போட்டியில், கடைசிச் சுற்றில், நீ ஒரு காலை இழுத்துக்கொண்டு கடைசி ஆளாக வந்து சேர்ந்தாய். ஸ்மார்ட் கிளாஸ் திரையில் என் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், அவங்களுக்குக் கால் வலிக்குது, யாராச்சும் நிறுத்தச் சொல்லுங்க," என்றாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது, கூட இருந்த ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அன்று மாலையே முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் உன்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அரசாங்கச் சோறு தின்றுவிட்டு ஊர் சுற்றிப் பார்க்கப் போனாள் என்று ஒருவன் எழுதியிருந்தான். எந்தச் சோறு? எந்தச் சோற்றை நீ தின்றாய்? அந்த ஆளைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும் போல எனக்குக் கை துடித்தது. நீ அத்தனையையும் உட்கார்ந்து படித்தாய். ஒன்று விடாமல். பாராட்டி எழுதியவர்களும் இருந்தார்கள், அவர்களை நீ ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

காலில் கட்டோடு நீ ஊருக்கு வந்தபோது உன்னை மலைக்குக் கூட்டிப்போக வந்தேன். அடிவாரத்து ஃபிளெக்ஸை அதற்குள் கழற்றி, யாரோ மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தாய். "பாருடி, மாட்டுக்காச்சும் நெழலா ஆனேன்," என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். நாம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்துப் பார்க்கும்போது, உன் சிரிப்பு என் சிரிப்பைவிட ரொம்ப நேரம் நீண்டது ஞாபகம் வருகிறது.

கட்டுப் பிரிக்கும் முன்னாலேயே உன்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். முகாமில் மனவளப் பயிற்சி என்று ஒருவர் வந்தாராம். பெரிய திரையில் மலை, சூரியன் எல்லாம் காட்டி, நல்லதையே நினையுங்கள் என்றாராம். முடிந்ததும், தனியாகப் பேச வேண்டுமென்றால் பேசலாம், வெளியே போகாது என்று சொல்லியிருக்கிறார். நீ நம்பிப் போனாய். தூக்கம் வருவதில்லை, காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை, இருக்க வேண்டாம் போல இருக்கிறது என்று சொன்னாய். உன் வாழ்க்கையில் சிரிக்காமல் நீ சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும். மறுநாள் காலை எடை பார்க்கிற வரிசையில், அத்தனை பேர் முன்னால், மாஸ்டர் கேட்டார்: "உனக்குச் சாகணும் போல இருக்காமே? அத டிராக்குல காட்டு."

இதை நீ என்னிடம் சொன்னபோது பழையபடி சிரிப்புக்குத் திரும்பியிருந்தாய். "எல்லாரும் சிரிச்சாங்கடி. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு."

பிறகு அந்தக் கடைசி போன். கடத்தூர்ச் சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டிருந்தேன்.

"உருண்ட, ஒரு தடவ வந்துட்டுப் போயேன்."

"அங்கயா? அவ்ளோ தூரமா? குறுவட்டப் போட்டி வருதுடி, என் பள்ளிக்கூடத்துலதான் நடக்குது. முடிஞ்சதும் வரேன்."

"செரி."

"என்னாச்சு?"

"ஒன்னுமில்ல. இப்பல்லாம் ஓடறப்பகூட மண்டைக்குள்ள ஆளு நிக்குது."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "மலைய ஏறி எறங்குனவ நீ. உனக்கென்னடி? தைரியமா இரு," என்றேன். கடைக்காரர் தராசிலிருந்து தக்காளியைக் கொட்டினார், பையை விரித்துப் பிடித்தேன். நீ எப்போது போனை வைத்தாய் என்றுகூடக் கவனிக்கவில்லை.

அந்த போன் வந்த பதினொன்றாம் நாள். போட்டிக்காக மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் வெயிலில் நடந்து வந்தார். அவர் மைதானத்துக்கு வருகிற ஆளில்லை. கையில் போனைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், கொஞ்சம் உக்காருங்க," என்றார்.

எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். இன்னும் கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை. ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உன்னை மலைக்குக் கொண்டுவந்த அன்று, உன் துறையிலிருந்து மலர்வளையத்தோடு ஓர் அதிகாரி வந்திருந்தார். உன் அப்பாவை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "பெரியவரே, குடும்பப் பிரச்சினைன்னு எழுதிக் குடுத்துட்டா எல்லாம் சீக்கிரம் முடியும்ங்க. இல்லன்னா விசாரணை அது இதுன்னு புள்ள பேருதான் கெடும்." உன் அப்பாவுக்கு உன் பேர் கெடக்கூடாது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். நான் தடுக்கவில்லை.

ஒரு வாரத்தில் காதல் தோல்வி என்று ஊரெல்லாம் பேச்சு. முப்பதாம் நாள் காரியத்துக்கு வந்தபோது உன் அப்பா என்னைக் கேட்டார்.

"ஏன் பாப்பா, உனக்குத் தெரியாம அவளுக்கு யாராச்சும் இருந்தாங்களா?"

"இல்லீங்கப்பா. அவளுக்கு ஓடறதத் தவிர ஒன்னுமே இல்லீங்க."

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "அப்ப நான் பொய்யிலயா கையெழுத்துப் போட்டேன்?"

உன்மேலும் எனக்குக் கோபம்தான். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அந்த மனிதரை அப்படித் தரையைப் பார்க்க வைத்துவிட்டுப் போனாயே. முழு உண்மையை ஒரே ஒரு தடவை சிரிக்காமல் என்னிடம் சொல்லியிருந்தால் என்ன? மறு நிமிடமே எனக்குத் தோன்றும், சொன்னாளே, வந்துட்டுப் போ என்றாளே என்று. இந்த இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் கிடந்தேன். தூக்கம் போனது. பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். ஒரு நாள் விசிலை ஊத எடுத்த கை வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது. அன்றுதான் தருமபுரி அரசு மருத்துவமனைக்குப் போய் மனநலப் பிரிவு வரிசையில் உட்கார்ந்தேன். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று முதல் தடவை முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். இப்போதெல்லாம் மூடுவதில்லை.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். நான் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததை எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள். "உங்க சிநேகிதிக்கு வந்தது வியாதிங்க. மனசுல பலம் இருக்கறவங்களுக்கும் வரும். பேசக் கேக்க ஒருத்தர், மருந்து, ஓய்வு. பெரும்பாலானவங்க தேறி வந்துடறாங்க."

"பெரும்பாலானவங்களா?"

"ஆமாங்க."

எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. உன் வியாதிக்கு மருந்து இருந்திருக்கிறது. நம் ஊரிலேயே, பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் இருந்திருக்கிறது. உன் கால் எலும்பைப் படம் எடுத்துப் பார்க்க அத்தனை மெஷின் வைத்திருந்தவர்கள், இதற்கு ஒரு மலையையும் சூரியனையும் திரையில் காட்டி முடித்துக்கொண்டார்கள்.

முதல் வருட நினைவு ஓட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஏற்பாட்டாளர் போனில் குழைந்தார். "டீச்சர், ஃபிரண்டுங்கற முறையில நல்லதா நாலு வார்த்த சொல்லுங்க. அந்த விஷயம் மட்டும் வேணாம்ங்க. சின்னப் புள்ளைங்க வருதுங்க பாருங்க." சரி என்றேன். உன்னைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை எனக்குத் தெரியும். தருமபுரி மைதானத்துக்குப் போய் இறங்கின பிறகுதான், சிறப்பு விருந்தினர் யார் என்று பார்த்தேன். சால்வை போட்டுக்கொண்டு நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தார் உன் மாஸ்டர். உன் அப்பாவை ஓர் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

எனக்கு முன்னால் அவர் பேசினார். உன்னைத் தன் மகள் என்றார். கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கடைசியில் சொன்னார்: "திறமை இருந்துச்சு, உழைப்பு இருந்துச்சு. மனஉறுதி மட்டும் கொஞ்சம் கம்மி. அது இருந்திருந்தா எங்கயோ போயிருப்பா."

மனஉறுதி கம்மி. பசியோடு, உடைந்த எலும்போடு, கடைசிச் சுற்றை ஓடி முடித்தவளுக்கு.

மைக்கைப் பிடித்தேன். எழுதிக்கொண்டு போன காகிதத்தைப் பிரிக்கவில்லை. "எல்லாருக்கும் வணக்கம்ங்க. இவளுக்குக் காதல் தோல்வி இல்லீங்க. வூட்டுல பிரச்சினையும் இல்லீங்க. இவளப் பட்டினி போட்டாங்க. எலும்பு விட்டுப்போச்சு, ஓட வெச்சாங்க. தூக்கம் வரலன்னு சொன்னா, இருக்கப் புடிக்கலன்னு சொன்னா. நாலு பேரு முன்னால வெச்சுக் கேலி பண்ணாங்க. பண்ணுனவரு இங்கதான் உக்காந்திருக்காரு."

மைக்கை அணைத்துவிட்டார்கள். குண்டு எறிகிறவள் குரல் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. குண்டை விடும்போது நாங்கள் போடும் சத்தம் மைதானத்தின் அடுத்த முனைக்குப் போகும். அந்தக் குரலில் மீதியையும் சொன்னேன். "அவ என்கிட்டயும் சொன்னா. வான்னு கூப்ட்டா. நானும் போகல." அதையும் சொன்னேன்.

அப்போது உன் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். மேடைக்குப் பக்கத்தில் வந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மாஸ்டரைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, எம் புள்ள பசிக்குதுன்னு உங்ககிட்ட கேட்டாளுங்களா?"

"பெரியவரே, அது விளையாட்டு விஞ்ஞானம். உங்களுக்குப் புரியற மாதிரி..."

"கேட்டாளா இல்லியான்னு மட்டும் சொல்லுங்க சாமி."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ உன் அப்பாவின் தோளைப் பிடித்து, தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஓட்டம் ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. கொடியசைத்தது மாஸ்டர்தான். அவ்வளவுதான் நடந்தது.

எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அரசு ஊழியர் பொது மேடையில் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றி. நான்கு பக்கம் பதில் எழுதினேன். உன் அப்பாவும் நானும் ஒரு மனு எழுதி, அவர் அன்று போட்ட கையெழுத்து தெரியாமல் போட்டது, விசாரிக்க வேண்டும் என்று கொடுத்தோம். பரிசீலனையில் இருக்கிறதாம். போய்க் கேட்டால் ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. மாஸ்டர் இன்னும் அதே முகாமில்தான் இருக்கிறார். பதவி ஒரு படி உயர்ந்திருக்கிறது.

ஒன்று மட்டும் நடந்தது. நான் கத்தியதை யாரோ போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"அக்கா, நீங்கதான உருண்டக்கா?"

உன்னைத் தவிர யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. டிபன் டப்பாவை மூடி வைத்தேன்.

"அவங்க உங்களப் பத்திச் சொல்லுவாங்கக்கா. நான் அவங்க இருந்த ரூம்லதான் இருக்கேன். எட்நூறு மீட்டர் ஓடறேன். எங்கூரு மொரப்பூர்ப் பக்கம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் தூக்கம் வரதில்லக்கா."

தைரியமா இரு என்று சொல்லவில்லை. வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். நேராகக் கேட்டால் தப்பில்லை, கேட்பதால் யாரும் அந்த எண்ணத்துக்குப் போவதில்லை என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தாள். கேட்டேன்.

"சாகணும்னு தோணுதா கண்ணு?"

பிறகு மெதுவாக, "ஆமாங்கக்கா."

"சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப கூட யாரு இருக்காங்க? அவங்ககிட்ட போனக் குடு. நான் வர வரைக்கும் நீ தனியா இருக்கக் கூடாது."

அறைத்தோழியிடம் பேசினேன். டாக்டரிடம் பேசினேன், அவள் அந்தப் பெண்ணோடு போனில் பேசினாள். தலைமையாசிரியரிடம் விடுப்புக் கேட்டேன். உள்ளூர்ப் போட்டி வருகிறதே என்றார். வரட்டும் சார் என்றேன். மறுநாள் மொரப்பூர் ஸ்டேஷனில் அந்தப் பெண்ணின் அம்மாவோடு ரயில் ஏறினேன். அந்த அம்மா ஈரோட்டைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. வழியெல்லாம் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, "எம் புள்ள நம்மள வெரட்டாம இருப்பாளா டீச்சர்?" என்றாள்.

முகாம் வாசலுக்கு மாஸ்டரே வந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "செலக்‌ஷனுக்கு ரெண்டு மாசம் இருக்கு. இப்பக் கூட்டிட்டுப் போனா இவ வாழ்க்கையே போச்சு," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டாள்.

"வாழ்க்கைய நாங்க பாத்துக்கறோங்க. புள்ளையக் குடுங்க."

அவள் பையோடு வெளியே வந்தாள். உன்னைப் போலவே கன்னம் ஒட்டி, கண் பெரிதாக. அம்மாவைப் பார்த்ததும் அந்தக் கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அவள் தன் வூட்டில் இருக்கிறாள். மாதம் ஒரு முறை தருமபுரிக்கு வந்து டாக்டரைப் பார்க்கிறாள். சில வாரம் நன்றாக இருக்கிறது, சில வாரம் இல்லை. ஓடுவதில்லை. திரும்ப ஓடுவாளா என்று ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஓடினால் ஓடட்டும், இல்லாவிட்டால் போகட்டும். முகாமில் அவளைக் கோழை என்கிறார்களாம்.

போன வாரம் பேசினாள். "அக்கா, மூணு கிலோ ஏறிட்டேன். பேண்டு ஒன்னும் பத்தலக்கா." திட்டு விழும் என்று காத்திருக்கிற குரல் அது.

"புதுசு எடுத்துக்க," என்றேன். "கொஞ்சம் பெருசாவே எடு. இன்னும் ஏறும்."

அவள் சிரித்தாள். மறைக்க ஒன்றும் இல்லாத சிரிப்பு. போனை வைத்த பிறகு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. ஒரு ரயில், ஒரு டாக்டர், கூட வர ஒரு ஆள். எல்லோரையும் அது காப்பாற்றும் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் உனக்கு அந்த மூன்றில் ஒன்றைக்கூட நாங்கள் கொடுத்துப் பார்க்கவில்லையே. நீ கேட்டும்.

கோபத்தை விட்டுவிடுங்கள் டீச்சர், உடம்புக்கு ஆகாது என்று ஸ்டாஃப் ரூமில் சொல்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். விட மாட்டேன். நீ கூப்பிட்டும் வராத என்னை மொரப்பூரில் ரயில் ஏற்றியது இந்தக் கோபம்தான். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது. இது இருக்கிறவரைக்கும் யார் கூப்பிட்டாலும், எவ்வளவு தூரம் என்று கேட்காமல், கிளம்பிவிடுவேன்.